டிஃபரன்ஷியல் பூட்டும் அதைச் சோதிக்கும் முறைகளும்: ஒரு வரலாறு

டிஃபரன்ஷியல் பூட்டு என்பது, ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களையும் தேவைப்படும்போது பிணைத்து, ஒரே வேகத்தில் சுழலச் செய்யும் இயந்திர அமைப்பு ஆகும். டிராக்டர் ஓட்டுபவர்கள் இதை 'டிஃப் லாக்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். சேற்றிலும் மணலிலும் ஒரு சக்கரம் வீணாகச் சுழன்று வண்டி நின்றுவிடும்போது இதன் உதவி தேவைப்படுகிறது. பின்னச்சின் நடுவே உருண்டையாகத் தெரியும் இரும்புக் கூட்டுக்குள், எண்ணெயில் நனைந்தபடி இது இருக்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்துகிறார், அல்லது பொத்தானைத் தட்டுகிறார். உள்ளே பூட்டு பிடித்ததா இல்லையா என்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தப் பூட்டின் வரலாற்றில் பாதி, அது பிடித்திருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்வியின் வரலாறுதான்.

கீழவாஞ்சூரின் இரண்டு நிலங்கள்

இந்தக் கேள்விக்குப் பொருத்தமான களமாகக் காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள கீழவாஞ்சூரைச் சொல்லலாம். தெற்கே நாகூர், கிழக்கே வங்கக் கடல். 2009 முதல் இயங்கிவரும் காரைக்கால் துறைமுகம் இவ்வூரில்தான் அமைந்திருக்கிறது. கடலோரத்தில் காய்ந்த மணல். சற்று மேற்கே போனால் காவிரிப் படுகையின் களிமண் வயல்கள். மணலில் சக்கரம் தோண்டிக்கொண்டு இறங்கும். ஈரக் களிமண்ணில் வழுக்கிக்கொண்டு சுற்றும். இரண்டும் வெவ்வேறு வகைச் சிக்கல்கள். சில கிலோமீட்டருக்குள் ஒரே வண்டி இரண்டையும் சந்திக்க வேண்டியிருக்கிறது. சோழமண்டலக் கடற்கரையின் பல மீனவ ஊர்களில் ஃபைபர் படகுகளைக் கரையேற்ற டிராக்டர்கள் பயன்படுகின்றன. அதே வகை டிராக்டர்தான் வயலில் சேற்றுழவும் செய்கிறது. ஆகவே இந்தக் கரையோரத்தில் டிஃப் லாக் என்பது அன்றாடம் புழங்கும் கருவி.

மாட்டுவண்டிக்குத் தேவைப்படாத கருவி

மாட்டுவண்டி பல நூற்றாண்டுகளாக இந்தச் சேற்றில் ஓடியிருக்கிறது. அதற்கு டிஃபரன்ஷியல் கிடையாது. காரணம் எளிது. வண்டியை நகர்த்துவது மாடு. சக்கரம் பின்னால் உருண்டு வருகிறது, அவ்வளவே. அச்சு அசையாமல் நிற்க, கடையாணிக்கு உட்புறத்தில் ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் சுழல்கிறது. வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் உருள்வதை எதுவும் தடுப்பதில்லை.

சக்கரத்தையே இயந்திரம் சுழற்றத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. ஒரு சிறு கணக்கில் இதைப் பார்க்கலாம். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே 1.3 மீட்டர் அகலம் என்று கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் சுற்றினால், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட 2 × 3.14 × 1.3, அதாவது ஏறத்தாழ 8.2 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வட்டம் சிறியதோ பெரியதோ, இந்த வேறுபாடு மாறாது. ஒரு தெருமுனையில் திரும்புவதற்கே 2 மீட்டர் வேறுபடும். இரண்டு சக்கரங்களும் ஒரே தண்டில் இறுகப் பொருத்தப்பட்டிருந்தால், அந்த 2 மீட்டரையும் ஏதாவது ஒரு சக்கரம் தரையில் தேய்த்தே கழிக்க வேண்டும். தேய்க்க முடியாத கெட்டித் தரையில் தண்டு முறுக்கப்படும்.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முக்கியமானவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கைவினைஞர். 1820களின் இறுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காக அவர் டிஃபரன்ஷியலை அமைத்தார். காரைக்காலும் அப்போது பிரான்சின் ஆட்சியில்தான் இருந்தது. ஆனால் பிரெஞ்சு இயந்திரவியலின் இந்தப் புதுமை அன்றைய காரைக்கால் வண்டிக்காரர்களுக்கு எந்த வகையிலும் தேவைப்பட்டிருக்காது. 1877-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி மூன்று சக்கர மிதிவண்டிக்கு டிஃபரன்ஷியலைப் பொருத்தினார். மோட்டார் கார்கள் வந்தபோது இது அவற்றின் இன்றியமையாத உறுப்பாகிவிட்டது.

இதன் உள்ளமைப்பில் கிரவுன் சக்கரம் ஒரு கூட்டைச் சுழற்றும். கூட்டுக்குள் இரண்டு சன் கியர்கள்; ஒவ்வொன்றும் ஒரு சக்கரத்தின் தண்டோடு இணைந்தது. அவற்றுக்கு நடுவே ஸ்டார் பினியன்கள். நேராகப் போகும்போது ஸ்டார் பினியன்கள் தம்மைத் தாமே சுற்றாமல் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளும். திரும்பும்போது அவை சுழன்று, ஒரு பக்கம் குறைத்த வேகத்தை மறுபக்கத்துக்குக் கொடுக்கும்.

குறையும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. இது இரண்டு சக்கரங்களுக்கும் சமமான திருப்புவிசையையே கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசையே போதும். கெட்டித் தரையில் நிற்கும் மற்ற சக்கரத்துக்கும் அந்தக் குறைந்த விசைதான் கிடைக்கும். நல்ல பிடிப்புள்ள சக்கரம் அசையாமல் நிற்க, வழுக்கும் சக்கரம் கிரவுன் சக்கரத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் சுற்றும். எஞ்ஜினை முறுக்க முறுக்கக் குழி ஆழமாகும்.

கண்ணுக்குத் தெரிந்த பூட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவி இழுவை இயந்திரங்களில் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் இருந்தது. ஓட்டுநர் இறங்கி, டிஃபரன்ஷியலின் நகரும் பாகங்களைப் பிணைக்கும்படி இரும்பு ஊசி ஒன்றைச் செருகுவார். ஊசி உள்ளே இருந்தால் பூட்டியிருக்கிறது. கையில் இருந்தால் பூட்டவில்லை. சோதனை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. வசதி குறைவுதான், ஆனால் பிற்கால அமைப்புகள் எதிலும் இவ்வளவு ஐயமற்ற தெளிவு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

பல் சக்கரங்கள் எண்ணெய்க் கூட்டுக்குள் மூடப்பட்ட பிறகு இந்தத் தெளிவு போய்விட்டது. பூட்டு உள்ளே போனது. அதை நகர்த்தும் நெம்புகோல் மட்டும் வெளியே வந்தது. நெம்புகோல் நகர்ந்ததை ஓட்டுநர் அறிவார். அதன் மறுமுனையில் பல் பல்லோடு சேர்ந்ததா என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

டெல்டா வயலில் டிராக்டர்

காவிரிப் படுகையில் டிராக்டர்கள் பரவலானது 1960களுக்குப் பிறகுதான். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸே பெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது. அதே காலத்தில் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின் கீழ் வந்து, 1962-இல் சட்டப்படி இணைந்தது. ஆட்சி எல்லை வேறாக இருந்தாலும் வயலும் பயிர்ப்பட்டமும் தஞ்சைக்கு உரியவைதாம்: குறுவை, சம்பா, தாளடி.

சேற்றுழவில் டிராக்டரின் நிலை மற்ற உழவிலிருந்து வேறுபட்டது. தண்ணீர் நிற்கும் வயலில் ரப்பர் டயர் மட்டும் போதாது என்பதால், இரும்புக் கம்பிகளால் ஆன கேஜ் வீலைப் பின்சக்கரத்தோடு சேர்த்து மாட்டுகிறார்கள். அப்படியும் வயலின் அடியில் உள்ள கெட்டித் தளம் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. ஒரு சக்கரம் தளத்தைத் தொட, மற்றது மிதந்து சுற்றும். அப்போது உதவுவதுதான் டிஃப் லாக். பல மாதிரிகளில் ஓட்டுநரின் வலது குதிகாலுக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறு மிதியாக அது இருக்கிறது.

இந்த மிதியின் பயன்பாட்டில் ஓட்டுநர்கள் கற்றுக்கொண்ட நுட்பங்கள் பல. முதலாவது, மிதியை அழுத்திய உடனே பூட்டு பிடிக்காது. உள்ளே ஒரு நகரும் வளையத்தின் பற்கள் எதிர்ப்பக்கப் பள்ளங்களுக்கு நேராக வந்தால்தான் நுழையும். பல் பல்லின் தலையில் முட்டிக்கொண்டு நிற்கலாம். வண்டி மெல்ல ஓரடி நகர்ந்து, ஒரு சக்கரம் மற்றதைவிடச் சற்று முந்தும்போது, பல் பள்ளத்துக்குள் விழும். அந்த நொடியில் மிதி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். காலுக்கு ஒரு சிறு தட்டு தெரியும். அனுபவமுள்ள ஓட்டுநருக்கு இந்தத் தட்டுதான் சான்று. விளக்கும் ஒலியும் இல்லாத காலத்தில் பூட்டைச் சோதித்த கருவி குதிகால்தான்.

இரண்டாவது, சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதிக்கக் கூடாது. நிற்கும் பல்லும் சுழலும் பள்ளமும் மோதினால் பல் உடையும். முனை மழுங்கிய பற்கள் அடுத்த முறை பாரம் ஏறியதும் நழுவி வெளியே வந்துவிடும். "லாக் பிடிக்குது, ஆனா நிக்க மாட்டேங்குது" என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: பூட்டு விடுபட்டதா என்று பார்ப்பது. காலை எடுத்தால் உள்ளே உள்ள வில் வளையத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஆனால் பற்களின் மேல் பாரம் இருக்கும்வரை வளையம் நகராது. கிளட்சை மிதித்துப் பாரத்தைக் குறைத்தால், அல்லது ஸ்டியரிங்கைச் சற்று மாற்றிப் பிடித்தால் விடுபடும். இதைக் கவனிக்காமல் வரப்பேறிச் சாலைக்கு வந்தால், டிராக்டர் திரும்ப மறுத்து நேராகவே போகும். முன்சக்கரம் திரும்பியிருக்கும், இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து வண்டியை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். வாஞ்சூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை போன்ற ஒரு சாலையில் இதன் விளைவு என்னவாக இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே வயலின் ஓரத்திலேயே, மெல்லிய வேகத்தில் இடமும் வலமும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சாலையேறுவதே முறையான சோதனை.

டிஃப் லாக் பழுதான டிராக்டர்களிலும் ஒரு வழி உண்டு. டிராக்டருக்கு இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் இருக்கின்றன. சாலையில் இரண்டையும் ஒரு கொக்கியால் இணைத்துவைப்பார்கள். வயலில் கொக்கியை எடுத்துவிட்டு, வழுக்கும் பக்கத்துப் பிரேக்கை மட்டும் இலேசாக மிதித்தால், அந்தச் சக்கரத்தைச் சுழற்ற அதிக விசை தேவைப்படும். டிஃபரன்ஷியலின் சமன் விதிப்படி மறுபக்கத்துக்கும் அதே அளவு விசை போகும். வண்டி மெல்ல நகரும். இந்தப் பழைய கைப்பக்குவம் பிற்காலத்தில் கணினியின் கைக்குப் போனதை அடுத்துக் காணலாம்.

ஜீப் முதல் தார் வரை

இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற வில்லிஸ் ஜீப்புக்கு நான்கு சக்கர இயக்கம் இருந்தது. டிஃபரன்ஷியல் பூட்டு இல்லை. போருக்குப் பின் மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் ஒருங்கிணைத்த ஜீப்புகளும் அப்படியே. நான்கு சக்கர இயக்கம் என்றால் நான்கும் எப்போதும் இழுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். முன்னச்சில் ஒன்றும் பின்னச்சில் ஒன்றும் வழுக்கினால், மற்ற இரண்டும் சும்மா நிற்கும்; வண்டியும் நிற்கும். 1948-இல் ஜெர்மனியில் வேளாண்மைக்கென அறிமுகமான உனிமாக் வண்டி, முன்னும் பின்னும் பூட்டுகளோடு வந்தது. வயலுக்காகப் பிறந்த வண்டிக்குத்தான் பூட்டு முதன்மையாகத் தோன்றியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

பின்னாளில் பூட்டை இயக்கும் முறைகள் பெருகின. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் அழுத்தக் காற்றால் இயங்கும் பூட்டைப் பரப்பியது. டொயோட்டா லேண்ட் குரூசரில் சிறு மின்மோட்டார் பூட்டை நகர்த்தியது. இந்தியாவில் ஃபோர்ஸ் மோட்டார்ஸின் கூர்க்கா, 2013 முதல் முன்னச்சிலும் பின்னச்சிலும் ஓட்டுநரே இயக்கும் பூட்டுகளைக் கொண்டிருந்தது. 2015-இல் மஹிந்திரா தார் வண்டியின் பின்னச்சில் தானே பிடிக்கும் ஈட்டன் பூட்டு வந்தது. 2020-இல் வந்த புதிய தாரில், வழுக்கும் சக்கரத்தின் பிரேக்கைக் கணினி தானே பிடிக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. டெல்டா ஓட்டுநர் ஒற்றைப் பிரேக்கை மிதித்துச் செய்ததையே இது நொடிக்குப் பலமுறை செய்கிறது.

இவற்றோடு சேர்ந்து வந்ததுதான் விளக்கு. டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தால் பூட்டு பிடித்துவிட்டது என்று நம்பும் பழக்கம் ஏற்பட்டது. எல்லா விளக்கும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. லேண்ட் குரூசரில், கட்டளை போனதும் விளக்கு மினுக்கும். பூட்டு உண்மையில் பிடித்த பிறகே நிலையாக எரியும். இது நேர்மையான விளக்கு. வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் சில காற்றுப் பூட்டுகளில் விளக்கு பொத்தானோடு மட்டும் இணைந்திருக்கும். பொத்தான் அழுத்தப்பட்டது என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. காற்றுக் குழாய் அறுந்திருந்தாலும் அது எரியும். எனவே ஒரு வண்டியின் விளக்கு எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்வது சோதனையின் முதல் படி.

கையால் சோதித்தல்

விளக்கை நம்பாமல் உண்மையை அறியும் முறை பழையது, எளியது, இன்றும் மாறாதது. சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பின்னச்சை உயர்த்தி, இரண்டு பக்கமும் தாங்குகால்களில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. கைப்பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும்.

இப்போது ஒரு சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால், பூட்டாத நிலையில் மற்ற சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். பூட்டைப் பிடிக்கச் செய்து மீண்டும் சுற்றினால், இரண்டும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். பூட்டை இயக்க எஞ்ஜினோ மின்சாரமோ தேவையென்றால் அதை இயக்கிவிட்டு, எஞ்ஜினை அணைத்த பிறகே சக்கரத்தைத் தொட வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால், எஞ்ஜின் அணைந்த நிலையில் கியரைப் போட்டுச் சுற்றிப் பார்க்கலாம். பூட்டு பிடித்திருந்தால், சிறிதளவு ஆட்டத்துக்குப் பிறகு சக்கரம் அசையவே அசையாது. பூட்டை விடுவித்தபின் எதிரெதிர்ச் சுழற்சி திரும்ப வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் பாதியை விட்டுவிடுகிறார்கள். பிடிக்காத பூட்டு வண்டியைச் சேற்றில் நிறுத்தும். விடாத பூட்டு வண்டியைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கும்.

இங்கே ஒரு பழைய பட்டறைப் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, எஞ்ஜினை ஓட்டி, கியர் போட்டுச் சத்தம் கேட்பது வழக்கம். பூட்டில்லாத வண்டியில் தூக்கிய சக்கரம் சுற்றும், வண்டி நகராது. பூட்டு பிடித்த வண்டியில் தரையில் உள்ள சக்கரத்துக்கும் விசை போகும். வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்து இறங்கும். தானே பிடிக்கும் பூட்டுள்ள வண்டியில் இது இன்னும் மோசம்; யாரும் எந்தப் பொத்தானையும் தொடாமலே நடந்துவிடும். கைப்பிரேக்கைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை உண்டு. பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் தண்டைப் பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியல் வழியாக மற்ற சக்கரம் தாராளமாக உருளும். பிரேக் போட்டிருந்தும் வண்டி நகர்வது இதனால்தான்.

தானே பிடிக்கும் பூட்டு

ஈட்டன் வகைப் பூட்டைக் கையால் சுற்றிச் சோதிக்க முடியாது. அதற்குள் சிறு எடைகள் கொண்ட ஒரு வேகமானி இருக்கிறது. இரண்டு சக்கரங்களின் வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டால்தான் எடைகள் விரிந்து பூட்டைத் தூண்டும். மெல்லச் சுற்றும் கைக்கு அது அசையாது. வண்டி ஓரளவு வேகம் எடுத்த பிறகு பூட்டு பிடிக்காதபடியும் தடை உண்டு. இதைத் தெரியாமல், தாங்குகாலில் நிறுத்திச் சுற்றிப் பார்த்து, சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றுவதைக் கண்டு, பூட்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு.

இதைச் சோதிக்க மணலே நல்ல இடம். கீழவாஞ்சூர்க் கரை போன்ற ஆள் நடமாட்டம் இல்லாத மணல்திட்டில், ஒரு பின்சக்கரம் மட்டும் தளர்ந்த மணலில் இருக்கும்படி நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்த வேண்டும். சக்கரம் ஓரிரு சுற்றுச் சுற்றியதும் ஒரு தட்டு கேட்டு, வண்டி முன்னேறினால் பூட்டு வேலை செய்கிறது. இறங்கித் தடத்தைப் பார்த்தால் சான்று எழுதியிருக்கும்: பூட்டிய வண்டி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் தடம் பதிக்கும்; பூட்டாதது ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் அசையாத டயரின் அச்சும் விட்டுப்போகும். கையால் இயக்கும் பூட்டுகளுக்கும் இந்தத் தடச் சான்று பொருந்தும்.

உப்புக் காற்றும் சேற்று நீரும்

கடலோர வண்டிகளில் பூட்டு பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் பல் சக்கரங்கள் காரணமாக இருப்பதில்லை. வெளியே உள்ள சிறு பாகங்களே முதலில் கெடுகின்றன. உப்புக் காற்றில் நெம்புகோலின் இணைப்புகள் துருவேறி இறுகும்; கேபிள் உறைக்குள் சிக்கும்; மின் இணைப்பியின் பித்தளை முனைகள் பச்சை பூக்கும். பூட்டை மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தால் இந்த இறுக்கம் கூடும். அதனால் தேவை இல்லாவிட்டாலும் அவ்வப்போது மண் தரையில் பூட்டிப் பிடிக்கச் செய்து, சில அடி நேராக நகர்ந்து, விடுவித்துவிட வேண்டும். தார்ச்சாலையில் இதைச் செய்யக் கூடாது.

சேற்று நீர் வேறு வழியில் நுழைகிறது. அச்சுக் கூட்டின் மேல் காற்றுப் போக ஒரு சிறு மூச்சுக்குழல் இருக்கும். வேலை செய்து சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, மூச்சுக்குழல் வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வடிகால் திருகைக் கழற்றிப் பார்த்தால், எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கும். அப்படி இருந்தால் பூட்டைச் சோதிப்பதற்கு முன் எண்ணெயை முழுவதும் வடித்து மாற்ற வேண்டும். வடித்த எண்ணெயில் மெல்லிய இரும்புத் துகள் சாந்துபோல் படிந்திருப்பது வழக்கமான தேய்மானம். பல்லின் முனை ஒன்று கட்டியாகக் கிடைத்தால் கூட்டைப் பிரித்தே ஆக வேண்டும்.